திகட்டும் சென்ட்

பிறந்தநாளுக்கு அவர் வாங்கித் தந்த சென்ட் பாட்டிலோடு அறையிலிருந்து பாய்ந்து வந்தாள் மனைவி.

“என்னங்க இது? மிட்டாய் டப்பாக்குள்ள விழுந்து எழுந்த மாதிரி திகட்டுது!”

“டிசைனர் சென்ட்டும்மா. தள்ளுபடியில கிடைச்சுது. பிடிக்கலையா?”

“குமட்டுது! தலையே வலிக்குது!”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. போனில் மகளை அழைத்தார்.

“அம்மா சென்ட்டை வாய்க்கு வந்தபடி திட்டுறாடி!”

“ஹைய்யா!” என்று மகள் போட்ட கூச்சல் போனைத் தாண்டிக் கூடம் முழுக்கக் கேட்டது.

காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து, எட்டு மாதமாக மனைவிக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. அடுப்பில் பால் கருகினால்கூடத் தெரியாது. இதாவது மூக்கில் ஏறாதா என்றுதான், கடையிலேயே ஆகத் தித்திப்பானதைத் தேடி வாங்கியிருந்தார்.

ஆனந்தத்தில் அவளை இறுகக் கட்டிக்கொண்டார்.

அவள் மூக்கைச் சுருக்கினாள்.

“அது சரி, இந்தச் சட்டைய எத்தனை நாளாத் துவைக்காமலே மாட்டிட்டிருக்கீங்க?”