குரோட்டன் பூங்கா

மாவட்ட அலுவலகச் சன்னலோரம், கோலாலம்பூரிலிருந்து வந்த நகரமைப்பு ஆலோசகர் ஞானப்பிரகாசம். எதிரே ரப்பர் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் வீரன். கதவருகே தட்டச்சு மேசையில் கங்கா. நடுவே, கோலா சிலாங்கூரில் எழப்போகும் புதுநகரின், அட்டையில் செய்த மாதிரி வடிவம் வெயிலில் மினுங்குகிறது. "குரோட்டன் செடிங்க அழகா நின்னுச்சு, அங்கயே பூங்கா வரைஞ்சிட்டோம்," என்கிறார் ஆலோசகர். "பொணம் பொதைச்ச எடம் லா சார். கல்லு வைக்க வக்கில்லாம ஆளுக்கொரு செடி நட்டோம். இந்தக் கங்கா பெத்த புள்ளயும் அங்கதான் கெடக்கு," என்கிறார் வீரன். "எகானமி படுத்துருச்சு மண்டோரே. மறுபடி வரைய அடுத்த மாசம் எங்க ஆபீசே இருக்காது." மின்விசிறிக் காற்றில், பூங்காவின் குட்டிப் பிளாஸ்டிக் மனிதர்கள் நடுங்குகிறார்கள். அவர்களில் குழந்தை எது என்று கங்காவின் கண் தேடுகிறது. மாவட்ட அதிகாரி ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்ட, பூங்காவுக்கான ஒப்புதல் கடிதத்தை மடித்து உறையிலிடுகிறாள். பசையை நனைக்க நாக்கில் ஈரமில்லை. தண்ணீர் தொட்டு, அன்று செடியடியில் மண்ணை அழுத்திய அதே கட்டைவிரலால் உறையை அழுத்தி ஒட்டி, தபாலுக்குக் கொடுக்கிறாள்.