சூப்பில் விழுந்த ஓ

உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஒரு கிண்ணம் சூப்புக்காக மதம் மாறியவர்கள், பேருக்கு முன்னால் இருந்த 'ஓ'வையும் அதிலேயே போட்டுவிட்டார்கள் என்பது அயர்லாந்தில் எங்கள் கார்க் பக்கத்துப் பேச்சு. நாங்கள் ஓ'லியரி. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வெறும் லியரி.

"சூப்புக் குடிச்ச வீட்டுக்கு என் பொண்ணா? சாகும்போது எங்கப்பா சத்தியம் வாங்கியிருக்காருடா!" என்று பெண் கேட்டு வந்த அந்த வீட்டு டெனிஸ் லியரியை விரட்டினேன்.

மகள் நோரா என்னைப் பாதிரியாரிடம் இழுத்துப் போனாள். அவர் பழைய பதிவேட்டைப் புரட்டினார். என் அப்பாவின் ஞானஸ்நானப் பதிவில் ஓ இல்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் இல்லை.

"அப்புறம் எப்ப வந்துச்சு, ஃபாதர்?"

"உங்கப்பா கல்யாணத்தன்னைக்கு. சூப்பு வீட்டுக்குப் பொண்ணு தரமாட்டோம்னு உங்கம்மா வீட்ல சொன்னதா ஓரத்துல எழுதியிருக்கு, ஃபின்பார்."

"அப்புறம் எப்படி நம்பினாங்க?"

"'இவங்க பரம்பரையா ஓ'லியரிதான்'னு பக்கத்துப் பண்ணைக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்காரே. டெனிஸோட தாத்தா."