ஒரு குழாய், மூன்று ஹோஸ்

ஒரு விடுகதை. விடை தெரிந்தால் மனசுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வாயில்லை, ஊரையே கூப்பிடும். அது ஊமையானால் தண்ணீர்கூட வழி தவறும். அது என்ன?

ஜெஸிந்தாவுக்கு விடுகதை கேட்கிற பொறுமை அன்று இல்லை. வாரத்துக்கு ஒருநாள் கிடைக்கிற லீவு. கேரட் தோட்டத்தில் நின்று மேலே பார்த்தவளுக்குச் சுருக்கென்றது.

கட்டபெட்டுப் பக்கம் அந்தச் சரிவில் ஓடைத் தண்ணீருக்கு ஒரே தொட்டி, ஒரே குழாய். காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை அதில் பக்கத்துத் தோட்டத்து அய்யாவுவின் ஹோஸ் இருக்கும். பன்னிரண்டு முதல் நாலு வரை ஜெஸிந்தாவின் ஹோஸ். அப்புறம் மறுநாள் காலை எட்டு வரை, கீழே தேயிலைத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக் குடிதண்ணீர்த் தொட்டிக்குப் போகிற ஹோஸ். கழற்றுகிறவர் அடுத்தவருடையதை மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அது அங்கே வழக்கம்.

இப்போது மணி பத்துதான். அய்யாவு தன் ஹோஸைக் கழற்றிவிட்டு லயத்து ஹோஸை மாட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்தியா அலீனா! அடுத்த முறை நம்முளுது. நம்மளத் தாண்டி லயத்துக்குப் போகுது!"

"ஒரு வாரமா அப்படித்தான்மா" என்றாள் பத்து வயது அலீனா. அம்மா கோத்தகிரி பேக்கரிக்கு வேலைக்குப் போய்விட்டால், பள்ளி விடுமுறையில் தோட்டத்துத் தண்ணீர் அவள் பொறுப்பு.

மழை பெய்து இரண்டு மாதம். கேரட் பிடுங்க இன்னும் பத்து நாள். இப்போது காய்ந்தால் மொத்த உழைப்பும் போச்சு. ஜெஸிந்தா விறுவிறுவென்று மேடேறினாள்.

"ஏனுங்ண்ணா, உங்களுக்குத் தண்ணி வேண்டாமுன்னா அடுத்த முறைக்காரி நானிருக்கேனுங்களே! லயத்துக்குத் தூக்கிக் குடுக்கறீங்க. எலெக்சன்ல நிக்கப் போறீங்களா?"

அய்யாவு சிரித்தார். "எனக்கு யாரும்மா ஓட்டுப் போடுவா? என் சம்சாரமே போடாது."

"சிரிச்சு மழுப்பாதீங்க. உங்க முட்டைக்கோஸே வாடிக் கெடக்குது."

"அது தாங்கும்மா."

லயத்திலிருந்து சரிதா ஒரு ஃபிளாஸ்க்கோடு மூச்சிரைக்க ஏறி வந்தாள்.

"அண்ணே, தொட்டியில தண்ணி விழுது. இந்தாங்க, சூடா டீ. நாப்பது வீட்டுலயும் உங்களத்தான் நெனச்சுக்கிறோம்."

"ஏன், நாலு மணியிலிருந்து உங்களுக்குத்தானே வருது? பத்தலையா?" என்று மடக்கினாள் ஜெஸிந்தா.

"நாலு மணிக்கு எங்கக்கா வருது? ஒரு வாரமா ஆறு மணிக்குத்தான் வருது! கடைசி வீடுகளுக்குச் சொட்டு இல்ல. உங்ககிட்ட சண்டைக்குக் கெளம்பிட்டோம். இவருதான் மறிச்சாரு. 'கேரட் பிடுங்குற நேரம், கூடுதலாவே குடிக்கட்டும். சின்னப் புள்ளகிட்டயும் யாரும் கேக்காதீங்க. உங்களுக்குக் கொறையிற ரெண்டு மணி நேரத்த என் முறையில தர்றேன்'னாரு."

ஜெஸிந்தா மகள் பக்கம் திரும்பினாள். "நாலு மணிக்கு நீ மாத்தலையா?"

"சங்கு ஊதினாத்தானேம்மா மாத்துவேன்? சங்கே ஊதல. கோயில்ல ஆறு மணி அடிச்சதும் மாத்தினேன்."

தினமும் நாலு மணிக்கு ஊதுகிற டீ ஃபேக்டரிச் சங்கு. இலை வரத்தில்லாமல் ஃபேக்டரியை மூடி ஒரு வாரமாகிறது. விடியலில் பஸ் ஏறி இருட்டியபின் வீடு திரும்புகிறவளுக்கு அது தெரியவே இல்லை.

ஜெஸிந்தா அப்படியே கையெடுத்துக் கும்பிட்டாள். "அண்ணா... உங்க கோஸு..."

"அட, விடும்மா. அது இனிமேத்தான் வளரணும். நீ கேரட்டப் பாரு." ஃபிளாஸ்க்கைத் திறந்து முதல் டீயை அவளிடம் நீட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் ஜெஸிந்தா தன் வாட்சைக் கழற்றி மகள் கையில் கட்டினாள். "இனிமே நாலு மணின்னா நாலு மணி. என்ன?"

அலீனா தலையாட்டினாள்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு அய்யாவு தன் ஹோஸைக் கழற்றி, ஜெஸிந்தாவின் ஹோஸை மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அலீனா வந்தாள். தங்கள் ஹோஸைக் கழற்றிவிட்டு அவருடையதை மாட்டினாள். வாட்சில் இரண்டு மணி ஆகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.