ஒரு வாய்க்கு ஒரு கரண்டி

பையைக் கையில் வாங்கியதுமே மால்ரேவுக்குத் தெரிந்துவிட்டது. கனம் சரியில்லை.

அது பில்சுனுடைய பை. வெள்ளைத் துணி, ஓரத்தில் நீல நூலில் தைத்த பெயர். புருஷன் நிலக்கரிச் சுரங்கத்தில் செத்துப்போனதிலிருந்து நான்கு வருடமாக அவள் ஒண்டிக்கட்டை.

பையில் இருந்தது இரண்டு பேர் அரிசி.

சியோலின் அந்த மலைச்சரிவுக் குடிசைகளில், சபைக்குப் போகிற எந்தப் பெண்ணும் உலை வைக்கும் முன் அரிசியில் கொஞ்சம் எடுத்துத் தனியே வைப்பாள். ஒரு வாய்க்கு ஒரு கரண்டி. வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்களோ அத்தனை கரண்டி. ஞாயிற்றுக்கிழமை அது பையில் வந்து சபையின் பெரிய ஜாடியில் சேரும். போதகர் வீட்டு அடுப்பும், அவரைத் தேடி வருகிற பசித்த வயிறுகளும் அதை நம்பித்தான்.

பதினொரு வருடமாக ஜாடிக்குப் பக்கத்தில் நின்று பைகளை வாங்குகிறவள் மால்ரே. யார் மாமியார் ஊரிலிருந்து வந்திருக்கிறாள், யார் மகன் பட்டாளத்துக்குப் போய்விட்டான் என்பதெல்லாம் ஊர் வாய்க்கு வருமுன் அவள் கைக்கு வந்துவிடும்.

அவள் பில்சுனை நிமிர்ந்து பார்த்தாள். பில்சுன் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன ஞாயிறு மாலையிலிருந்து குழாயடிச் சுவரில் அந்த நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. பொய்முடி செய்கிற விக் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் நடத்திவிட்டுத் தப்பிய இரண்டு பெண்கள், படத்தோடு. ஒளித்து வைத்தவர்களுக்கும் ஜெயில் என்று கீழே சிவப்பு எழுத்து.

போலீஸ்காரன் கதவைத் தட்டியிருந்தால் பில்சுன் கண் சிமிட்டாமல் பொய் சொல்லியிருப்பாள். கடவுளுக்கு எடுத்து வைப்பதில் ஒரு கரண்டி குறைக்கத்தான் அவளுக்குக் கை வரவில்லை. பைத்தியக்காரி, பைத்தியக்காரி என்று மனதுக்குள் திட்டினாள் மால்ரே. அழுகை வந்தது.

பில்சுனுக்கு அடுத்து வரிசையில் நின்றவள் கியூசிக்கின் அம்மா, தெருத் தலைவரின் மனைவி.

யார் வீட்டில் யார் வந்து தங்கினாலும் தெருத் தலைவரிடம் சொல்லியாக வேண்டும். அவர் போய் ஸ்டேஷனில் சொல்லுவார். அவர் மனைவிக்குக் கண் நாலு பக்கமும் இருக்கும். மகன் கியூசிக் சவூதியில் கட்டட வேலைக்குப் போனபிறகு வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர் என்பதால், பொழுதெல்லாம் தெருவைப் பார்ப்பதற்கே இருந்தது. அந்தப் பாலைவன வெயிலில் பிள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாதென்று இன்று காலையும் சபை முழுக்க ஜெபித்திருந்தது.

அரை மணி முன்பு, எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து வேதம் படித்தார்கள். பசித்தபோது சோறு போட்டவர்களையும், போக்கிடம் இல்லாதபோது வீட்டில் சேர்த்துக்கொண்டவர்களையும் கடைசி நாளில் ராஜா தன் வலப்பக்கம் நிறுத்துகிற பகுதி. அந்த ராஜா இன்றைக்கு நம் தெருவுக்கு வந்தால் எங்கே இருப்பார் என்று இளம் போதகர் கேட்டார். குழாயடி வரிசையில் கடைசி ஆளாக நிற்பார் என்றாள் ஒருத்தி. வாடகை கேட்டு வருவாரோ என்னவோ என்றாள் இன்னொருத்தி. சிரித்தார்கள். குழாயடிச் சுவரில் இருப்பார் என்று யாரும் சொல்லவில்லை, எல்லாரும் நினைத்தார்கள்.

கியூசிக்கின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “ராஜாவோ கூஜாவோ, கையில அடையாள அட்டை இல்லேன்னா எங்க வீட்டுக்காரர்கிட்ட வந்து சொல்லிடுங்க. அப்புறம் எங்களக் குத்தம் சொல்லக் கூடாது.”

அதோடு வேதப் படிப்பு முடிந்து, பைகளோடு வரிசை கட்டினார்கள்.

இப்போது அவள் கண் பையின் மேல் இருந்தது. மால்ரே பையின் அடியில் மறு கையைக் கொடுத்துத் தாங்கினாள்.

“ஏண்டி பில்சுன், போன மனுஷனுக்கும் சேத்து இன்னும் எடுத்து வைக்கிறியா?”

மால்ரே வேண்டுமென்றே சத்தமாகத்தான் கேட்டாள். பில்சுன் தலையாட்டினாள், கொஞ்சம் தாமதமாக.

“அவளுக்கு என்னைக்கு எண்ணத் தெரிஞ்சிருக்கு?” என்றாள் கியூசிக்கின் அம்மா. “சட்டுனு கொட்டிட்டுப் பையக் குடு. பின்னால ஆளுங்க நிக்கிறாங்க.”

இவள் புரிந்துகொண்டுவிட்டாள். மால்ரே அரிசியை ஜாடியில் கொட்டி, காலிப் பையைப் பில்சுன் கையில் திணித்தாள். சாயங்காலத்துக்குள் ஜீப் மேலே ஏறி வந்துவிடும். அதற்குள் பில்சுன் வீட்டில் இருக்கிற பெண்ணை வேறு எங்காவது மாற்ற வேண்டும். எங்கே மாற்றுவது? சோதனை போடாமல் எந்த வீட்டைத்தான் விடுவார்கள்?

கியூசிக்கின் அம்மா தன் பையை நீட்டினாள். அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் மால்ரே கையை மட்டும் நீட்டினாள்.

கை தாழ்ந்தது.

பழக்கத்தில் ஒருமுறை தூக்கிப் பார்த்தாள். சந்தேகம் தீர இன்னொரு முறை.

மூன்று பேர் அரிசி.

பையின் வாயைக் கியூசிக்கின் அம்மா இன்னும் விடவில்லை. அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன. தெருவையே அதட்டுகிற அந்த முகத்தை மால்ரே மெல்ல நிமிர்ந்து பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது.

“எனக்கும் எண்ணத் தெரியல, மால்ரே” என்றாள், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

மால்ரே அந்தப் பையையும் சட்டென்று கொட்டினாள். பின்னால் ஆட்கள் நின்றார்கள்.