கோயில் கிணற்றுத் தண்ணீர்

"சின்னக் குடத்திலை இருந்துதான் வார்க்கவேணும் பிள்ளை. மாப்பிள்ளையின்ரை தாய் எங்கடை கிணத்துத் தண்ணியை வாயிலை வைச்சாவெண்டால் சம்பந்தம் அந்த நிமிசமே முறிஞ்சுபோம்."

நமசிவாயம் விடியமுன்னமே கோயில் கிணற்றுக்கு நடந்துபோய், அந்தக் குடத்தைச் சுமந்து வந்திருந்தார். மகள் குணலட்சுமி அதை வாங்கி அடுப்படியில் வைத்தாள். தாய் இருந்தவரை தாயும், பிறகு அவளும் நாள்தோறும் நடந்த வழி அது. முற்றத்துக் கிணறு அவள் பிறக்கும் முன்பே உவராகிவிட்டது. இனிமேலாவது மகள் குடம் சுமக்காமல், மாப்பிள்ளையின் செம்மண் ஊரில் நல்ல தண்ணீர் உள்ள வளவில் வாழட்டும். அவருக்கு இருந்தது அந்த ஒரே ஆசைதான்.

வாசலில் மாடு பூட்டிய திருக்கல் வண்டி வந்து நின்றது. மாப்பிள்ளையின் தாய் செல்வநாயகி வந்து பாயில் அமர்ந்தாள். பெண் வீட்டுத் தண்ணீரைக் குடித்து முடித்தால் சம்மதம். செம்பில் மிச்சம் வைத்தால் இல்லை. அதுதான் வழக்கம்.

"பிள்ளை குடத்தோடை தூர இடம் நடப்பாவோ, அண்ணை?"

வாயைக் கிண்டிப் பார்க்கிறாள் என்று நமசிவாயத்துக்குப் பட்டது. "முத்தத்திலை கிணறு கிடக்க, அவள் ஏன் நடக்கிறாள்? குடம் தூக்கின பழக்கமே இல்லை!"

"அப்பிடியோ..."

செல்வநாயகியின் முகம் ஏனோ வாடியது. வெளியே வண்டி மாட்டின் சதங்கை மட்டும் கேட்டது.

குணலட்சுமி செம்பை நீட்டினாள். செல்வநாயகி ஒரு மிடறு குடித்தாள். நிறுத்தினாள். பெண்ணை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஒரு சொட்டு மிஞ்சாமல் குடித்துவிட்டுச் சிரித்தாள்.

"எங்கடை கிணத்துத் தண்ணி மாதிரியே கிடக்கு, அண்ணை. எனக்கு முழுச் சம்மதம். ஆவணியிலையே வைப்பம்."

வண்டி ஒழுங்கை முடக்கில் மறைந்ததும் நமசிவாயத்துக்கு நிலை கொள்ளவில்லை.

"மனுசியின்ரை நாக்கே ஏமாந்துபோச்சு! மிச்சத் தண்ணியைக் கொண்டுவா பிள்ளை, நானும் ஒரு வாய் குடிக்கிறன்."

மகள் சின்னக் குடத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அது கழுத்துவரை ததும்பிக்கொண்டிருந்தது.

"பொய்யோடை வாழப் போக மனம் வரேல்லை, அப்பு. முத்தத்துக் கிணத்திலைதான் அள்ளிக் குடுத்தனான்."

நமசிவாயம் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். செல்வநாயகி சொன்னது இப்போதுதான் அவர் காதில் விழுந்தது: 'எங்கடை கிணத்துத் தண்ணி மாதிரியே கிடக்கு.'