வேறு விரல்

ஐந்து மணிக்கு மேலாளர் வந்து பார்ப்பார். அதற்குள் பேட்டரி அறையின் வெப்பநிலை கண்காணிப்புத் திரையில் தெரிந்தால்தான் ஜெபினுக்கு இந்த நாட்டில் வேலை நிலைக்கும். அதைப் படித்துச் சொல்லும் சிறு நிரலை, ஸ்கிரிப்டை, அவன் ஓட்டினால் இருபத்து மூன்று டிகிரி என்று வருகிறது. கண்காணிப்பு மென்பொருள் ஓட்டினால் திரையில் அதற்கான கட்டம் காலியாகவே நிற்கிறது. டைப் செய்ய நேரமில்லை. ஊரிலிருக்கும் அக்காவுக்கு இதையெல்லாம் வாயால் சொல்லி, ஃபோனையே எழுதவைத்து அனுப்பினான்.

பதிலாக அக்காவின் குரல் பதிவு வந்தது. “லேய், எனக்கு கம்ப்யூட்டரப் பத்தி என்னல தெரியும்? நானே ரேஷன் கடையில நிக்கேன். அம்மை வெரல் வச்சா அரிசி தாரான், நான் வச்சா மெஷினு கத்துது. கெட்டிக் குடுத்ததும் கார்டுல என் பேர எடுத்தாச்சுல்லா.”

ஜெபின் அதை மறுபடியும் கேட்டான். பிறகு ஸ்கிரிப்டை யார் யார் ஓட்டலாம் என்ற அனுமதிப் பட்டியலைத் திறந்தான். அதில் அவன் பெயர் மட்டுமே இருந்தது. மென்பொருள் கணினியில் வேறொரு பயனர் பெயரில் ஓடுகிறது. அந்தப் பெயரையும் சேர்த்தான்.

மென்பொருள் மறுபடி வெப்பநிலையைப் படிக்க ஒரு நிமிடம் இருந்தது. அது முடியும்போது மேலாளர் கண்ணாடிக் கதவைத் தள்ளினார். ஜெபின் திரையைப் பார்த்தபடியே ஃபோனை வாயருகே கொண்டுபோனான்.

“அக்கா, வரிசைய விட்டுட்டுப் போயிராத. அம்மையக் கூப்பிடு. இங்க கட்டத்துல என்னமோ மினுங்குது.”