பதிவாகும் அழைப்பு

“இந்த அழைப்பு பதிவாகுதுங்க. சொல்லுங்க,” என்றாள் காப்பீட்டு அதிகாரி. மேலாளர் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“பனிமலையில மாட்டிக்கிட்டேன் மேடம். ஐயாயிரம் மீட்டர். மூச்சு முட்டுது. ஹெலிகாப்டர் அனுப்புங்க.”

“ஏற்கெனவே ஆஸ்துமா இருக்கா? மறைச்சிருந்தா பாலிசி செல்லாது.”

காற்றின் இரைச்சலுக்கு நடுவே இருமல் கேட்டது.

“இல்ல மேடம்.”

“வீட்டுல யாருக்குத் தகவல் சொல்லணும்?”

“பொண்டாட்டிக்கு. ஆனா அவ இப்ப போன்ல பேசிட்டிருப்பா.”

அவள் அனுமதிப் பொத்தானை அழுத்தினாள். “ஹெலிகாப்டர் வருதுங்க.”

அழைப்பைத் துண்டித்தாள். மேலாளர் நகர்ந்ததும் கைப்பையைத் திறந்தாள். புருஷன் சாப்பாட்டு மேசையிலேயே மறந்துவிட்டுப் போன இன்ஹேலர் உள்ளே கிடந்தது.

“எடுத்து வைன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! வீட்டுக்கு வா, இருக்கு உனக்கு!”